சர்ச்சைக்குரிய சங்கத் தலைவர் திடீரென இறந்தால்: கரையில் பதினாறு நாள் வேலை

மீனவர் சங்கத் தலைவர் ஒருவர் திடீரென இறந்துபோனால், பந்தல்காரர் வந்து கம்பு ஊன்றுவதற்குள் செய்தி தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை போய்விடும். செய்தியோடு பேச்சும் சேர்ந்து போகும். "நல்ல மனுசன்" என்று ஒரு பேச்சு, "தொலைஞ்சான்" என்று ஒரு பேச்சு, "அடிச்சுக் கொன்னுட்டாங்க" என்று மூன்றாவதாக ஒரு பேச்சு. முதல் இரண்டையும் யாராலும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். மூன்றாவதைக் கவனிக்காமல் விட்டால் அன்றிரவே யாருடைய வலையாவது எரியும், மறுநாள் யாருடைய படகுக் கயிறாவது அறுபட்டுக் கிடக்கும்.

இராமநாதபுரம் கரையில் ஒரு தலைவரைப் பற்றி ஊர் இரண்டுபடுவதற்கு அவர் குணம் மட்டும் காரணம் அல்ல. விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி. நாட்டுப்படகுக்கு மற்ற நான்கு நாள் என்று கடலே பங்கு போடப்பட்டிருக்கிறது. ஒரு தரப்புக்கு அவர் ஒரு மணி நேரம் கூடுதலாக வாங்கிக் கொடுத்திருந்தால் இன்னொரு தரப்பு அதை இழந்திருக்கும். இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலை, கரையிலிருந்து 3 கடல் மைல் எல்லை, 2014-ல் சென்னையிலும் கொழும்பிலும் நடந்த இருநாட்டு மீனவர் பேச்சுவார்த்தை, 2017-ல் வந்த ஆழ்கடல் சூரைப் படகுத் திட்டம் என எதை எடுத்தாலும், அவர் எடுத்த நிலையால் பிழைத்தவர்களும் உண்டு, கடனானவர்களும் உண்டு. அந்த வீட்டுத் துக்கமும் இந்த வீட்டுக் கோபமும் உண்மையானவைதான்.

ஆகவே இறந்தவரைப் பொய்யாகப் புகழ வேண்டாம். அவரோடு இருந்த வழக்கை அவர் வீட்டு வாசலில் தீர்க்கவும் வேண்டாம். வழக்குக்கு வேறு நாள் உண்டு. சங்கச் செயலாளர், பொருளாளர், எதிர்ச்சங்கத்தார், ஊர்க் கமிட்டி, ஜமாத், பங்குப் பேரவை, வாட்ஸ்அப் குழு நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதல் இரண்டு மணி நேரம்

மருத்துவர் சொல்லும்வரை சங்கம் வாய் திறக்கக் கூடாது. "சீரியஸ்" என்று ஒரு வரி போட்டால் அது பாம்பன் பாலம் தாண்டுவதற்குள் "முடிஞ்சிருச்சு" ஆகிவிடும். வீட்டார் தரப்பில் ஒருவர், சங்கத் தரப்பில் ஒருவர், ஆக இரண்டே பேர் ஆஸ்பத்திரியில் இருந்து தகவல் சொல்லட்டும். மற்றவர்களுடைய போன் வெறுமனே ஒலிக்கட்டும்.

ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே உயிர் போயிருந்தால் பெரும்பாலும் அங்கிருந்தே காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை, வழக்கமான நடைமுறை. இதைத் தெரியாத பையன்கள் வாசலில் போலீஸைப் பார்த்ததுமே "கேஸ் ஆயிருச்சு, அப்போ கொலைதான்" என்று எழுதிவிடுகிறார்கள். செயலாளர் வெளியே வந்து, நின்றுகொண்டிருக்கும் கூட்டத்துக்கு இதை வாயால் விளக்கினாலே பாதி வதந்தி அடங்கும்.

அடுத்தது போஸ்ட்மார்ட்டம். இங்கேதான் அதிகமாகத் தவறு நடக்கிறது. சந்தேக மரணம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் விசாரணை தொடங்கிவிட்டால் போஸ்ட்மார்ட்டத்துக்கு வீட்டாரின் சம்மதம் தேவைப்படாது. பழைய நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவுதான் 2024 ஜூலை 1 முதல் இந்த எண்ணில் இருக்கிறது. பிரச்சினை, யாரும் சந்தேகம் எழுப்பாத சாவில்தான். அறுக்க வேண்டாம் என்று வீட்டார் நினைப்பது இயல்பு. ஆனால் பாதி ஊருக்குப் பகையாளியாக வாழ்ந்தவர் 50 வயதில் தூக்கத்தில் இறந்திருந்தால், அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் யாராவது கேள்வி கேட்பார்கள். புதைத்த உடலை நிர்வாகத்துறை நடுவர் உத்தரவோடு தோண்டி எடுக்கலாம். எரித்தால் சாம்பல்தான். ஆகவே வீட்டாரில் ஒருவருக்கேனும் சின்னச் சந்தேகம் இருந்தால் அதை அன்றே எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். ஒருவருக்கும் இல்லையென்றால், "எங்களுக்குச் சந்தேகம் இல்லை" என்பதை வீட்டார் வாயாலேயே சங்கத்துக்குச் சொல்லச் சொல்லி, பிறகு அமைதியாகிவிடுங்கள். சங்கம் வீட்டாரை எந்தப் பக்கமும் தள்ளக் கூடாது.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். சூரியன் மறைந்த பிறகு போஸ்ட்மார்ட்டம் கிடையாது என்ற பழைய நடைமுறையை 2021 நவம்பரில் மத்திய சுகாதாரத் துறை மாற்றிவிட்டது. வசதியுள்ள ஆஸ்பத்திரியில் இரவிலும் செய்யலாம். ஆனால் கொலை, தற்கொலை, சதி என்று சந்தேகம் உள்ள உடல்களுக்கு, சட்டம் ஒழுங்கு நெருக்கடி இருந்தால் ஒழிய, இரவில் செய்வதில்லை. ஜனாஸாவை (இறந்தவர் உடலை) அன்றே அடக்க வேண்டும் என்று காத்திருக்கும் வீட்டாருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், "வேண்டுமென்றே இழுக்கிறார்கள்" என்ற கோபம் வராது. அறிக்கை கைக்கு வந்தாலும், உள்ளுறுப்புகளைச் சோதனைக்கு அனுப்பியிருந்தால் இறுதிக் கருத்துக்குப் பல வாரம் ஆகும். அதுவரை "மாரடைப்பு" என்று சங்க லெட்டர்ஹெட்டில் எழுதாதீர்கள். "திடீர் உடல்நலக் குறைவால்" என்பது போதும். அவர் கடலிலோ ஜெட்டியிலோ விழுந்து இறக்காதபோது "விபத்து" என்ற சொல்லையும் தவிருங்கள். மீனவர் குழு விபத்துக் காப்பீடு விபத்துக்குத்தான், இயற்கை மரணத்துக்கு இல்லை. தவறான ஒரு சொல்லை நம்பி வீட்டார் 5 லட்சம் வரும் என்று காத்திருந்து ஏமாறுவார்கள்.

அறிவிப்பை எழுதுவது

ஐந்து வரி போதும். பெயர், வயது, பொறுப்பு, இறந்த நாளும் நேரமும் இடமும், அடக்கம் எப்போது எங்கே, தகவலுக்கு யாரைக் கேட்பது. அவ்வளவே. பாராட்டு இதில் வரக் கூடாது. பாராட்டு வந்தால் மறுப்பும் அதன் கீழேயே வரும். மாதிரிக்கு:

"நமது சங்கத் தலைவர் (பெயர்) இன்று காலை 5 மணியளவில் ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 54. நாளை மாலை 4 மணிக்கு அவரது ஊரில் அடக்கம். வருகிறவர்கள் வண்டிகளைப் பள்ளிக்கூட மைதானத்தில் நிறுத்தவும். விவரத்துக்குச் செயலாளரிடம் மட்டும் கேட்கவும்."

எந்தச் சொல்லால் இறப்பைச் சொல்வது என்பதை வீட்டாரிடம் கேளுங்கள். இந்தக் கரையில் ஒரே சங்கத்தில் மூன்று மதத்தாரும் இருக்கிறார்கள். இறைவனடி சேர்ந்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், வஃபாத்தானார், இயற்கை எய்தினார் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சொல். சங்கத்தின் பொது அறிவிப்புக்குக் "காலமானார்" யாருக்கும் உறுத்தாது. "வீர வணக்கம்" என்று போடுவதற்கு முன் யோசியுங்கள். உங்களுக்கு அது மரியாதை. எதிரே இருப்பவருக்கு அது "நாங்கள் இன்னும் சண்டையில்தான் இருக்கிறோம்" என்று கேட்கும்.

கடலில் இருக்கும் படகுகளுக்குச் சொல்வது தனி வேலை. இறந்தவரின் மகனோ தம்பியோ கடலில் இருக்கலாம். வி.எச்.எஃப் 16-ஆம் சேனல் ஆபத்துக்கும் அழைப்புக்கும் உரியது. அதில் சாவுச் செய்தியைக் கொட்டக் கூடாது. படகை 16-ல் அழைத்து, வேறு சேனலுக்கு மாறச் சொல்லி, டிரைவரிடம் மட்டும் "இன்னார் வீட்டில் கேதம், ஆளைக் கரைக்குக் கொண்டுவாங்க" என்று சொன்னால் போதும். எப்படி, யாரால் என்ற பேச்சு வானொலியில் வேண்டாம். எல்லைக்கோட்டுப் பக்கம் நிற்கும் படகுகளின் காதில் பாதிச் செய்தி விழுந்தால் அதில் இலங்கைக் கடற்படையைச் சேர்த்துவிடுவார்கள்.

கடலுக்குப் போவதா, நிறுத்துவதா

தலைவர் இறந்தால் படகு நிற்கும் என்பது பழக்கம். அதை எப்படி நிறுத்துவது என்பதில்தான் பகை வளரும். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்றே நாள். ஒரு நாள் நின்றால் வாரக் கூலியில் மூன்றில் ஒரு பங்கு போகிறது. அந்த நட்டம் படகுக்கு உரிமையாளரான சம்மாட்டியைவிடக் கூலிக்குப் போகும் ஐந்தாறு பேருக்குத்தான் கடுமை. ஆகவே ஒரு நாள் போதும். "மறு அறிவிப்பு வரும்வரை" என்று எழுதாதீர்கள். அந்த மூன்று சொற்கள் துக்கத்தை வேலைநிறுத்தமாக்கிவிடும். "புதன்கிழமை மட்டும் தொழில் இல்லை, சனிக்கிழமை வழக்கம்போல் கடல்" என்று தொடக்கமும் முடிவும் ஒரே வரியில் இருக்கட்டும்.

அறிவிக்கும் நேரமும் முக்கியம். ஐஸ் உடைத்து ஏற்றி, டீசல் நிரப்பிய பிறகு காலை 6 மணிக்கு நிறுத்தினால் அந்த ஐஸ் வீண். அந்தச் செலவை இறந்தவர் கணக்கில் எழுதித்தான் ஆட்கள் பேசுவார்கள். முந்தின நாள் மதியத்துக்குள் முடிவெடுங்கள். மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு எழுத்து மூலம் சொல்லிவிட்டால் மறுநாள் காலை கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்க வந்தவரோடு வரிசையில் தள்ளுமுள்ளு இராது. முடிவு தாமதமானால் போகிறவர்களைப் போகவிடுங்கள். திரும்பி வந்து அஞ்சலி செலுத்தட்டும்.

நாட்டுப்படகுக்காரர்களை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பவே கூடாது. அவர்கள் நாளில் அவர்கள் போவார்கள். இறந்தவர் அவர்களுடைய தலைவர் அல்ல. பலருக்கு அவர் எதிராளி. கேட்காமலேயே அவர்களாக நிறுத்தினால் அது பெரிய மரியாதை. கேட்டு நிறுத்தினால் அது மிரட்டல். பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும், ஏலக்கரையில் கூடை வைத்திருக்கும் பெண்களுக்கும் இதே நியாயம். கடையடைப்பும் அப்படித்தான்: வேண்டுகோள் நோட்டீஸ் ஒன்று போதும், ஷட்டரைத் தட்ட ஆள் போகக் கூடாது.

எதிர்த்தவர் கேதம் கேட்கப் போவது

அவரோடு இருபது வருடம் சண்டை போட்டவர் போக வேண்டுமா? போக வேண்டும், முதல் நாளே போக வேண்டும். போகாவிட்டால் "சந்தோசப்படுறான்" என்பார்கள். மூன்றாம் நாள் போனால் "ஊர் பேசுனதும் வந்துட்டான்" என்பார்கள். நான்கு பேருக்கு மேல் போகாதீர்கள். வண்டியில் கொடி இருந்தால் கழற்றிவிடுங்கள். முன்கூட்டியே அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் நேரம் கேட்டு, அவரோடு உள்ளே போங்கள். அவர் கூட நடந்தால் வாசலில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். மாலை போட்டதும் முதலில் வீட்டாரைப் பாருங்கள், சங்கத்தாரைப் பிறகு. பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடுங்கள். அந்த வாசலில் மைக்கை நீட்டினால் "வீட்டார் துக்கத்தில் இருக்கிறார்கள், பிறகு பேசலாம்" என்று சொல்லி நடந்துவிடுங்கள்.

இறந்தவர் வீட்டுத் தரப்பும் ஒன்றைச் செய்ய வேண்டும். எதிர்ச்சங்கத்தார் வரும் நேரத்தில் வாசலில் நிற்கும் இளைஞர்களைப் பந்தல், தண்ணீர், வண்டி நிறுத்தம் என்று வேலைக்கு அனுப்பிவிடுங்கள். கை சும்மா இருந்தால்தான் வாய் வேலை செய்யும்.

எதிர்ச்சங்கத்தின் இரங்கல் அறிக்கை எழுதுவது கடினம். "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று எழுதினால் கரையில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நேற்றுவரை அவர் மேல் மனு கொடுத்தவர் நீங்கள். "அவரை நாங்கள் ஏற்கவில்லை என்றாலும்" என்று தொடங்கினால் வீட்டாருக்கு அந்த முதல் வரி மட்டும்தான் கேட்கும். வரிசையை மாற்றுங்கள். முதலில் வீட்டாருக்கு வருத்தம். இரண்டாவது, அவர் செய்ததில் நீங்களும் மனசார ஒப்புக்கொள்ளும் ஒரே ஒரு காரியம், நாள் கிழமையோடு. மூன்றாவது, வேறுபாடு இருந்தது என்று ஒரே வாக்கியம், பெயரடை இல்லாமல். நான்காவது, யார் அடக்கத்துக்கு வருகிறார்கள். மாதிரி:

"அவரது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆறுதல். சிறைப்பட்ட மீனவர் வீடுகளுக்கு, எந்தச் சங்கம் என்று கேட்காமல், அவர் நேரில் போய் நின்றதை நாங்கள் அறிவோம். தொழில் நாள் பற்றியும் மடி பற்றியும் எங்களுக்கும் அவருக்கும் கடைசிவரை உடன்பாடு வந்ததில்லை. எங்கள் சார்பில் தலைவரும் பொருளாளரும் நாளை அடக்கத்தில் கலந்துகொள்கிறார்கள்."

அந்தக் காரியத்தை அவர் உண்மையில் செய்யாதவர் என்றால் எழுதாதீர்கள், வேறு ஒன்றைத் தேடுங்கள். ஒன்றுமே கிடைக்காவிட்டால் இரண்டாவது வரியை விட்டுவிடலாம். அறிக்கை சின்னதாக இருப்பதில் குற்றம் இல்லை.

வெளியுலகத்திலும் இதுவே நடந்திருக்கிறது. பிரிட்டன் ரயில் தொழிலாளர் சங்கத்தின் பொதுச்செயலாளர் பாப் க்ரோ 2014 மார்ச் 11 அன்று 52 வயதில் திடீரென இறந்தார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் டிக்கெட் கவுண்டர்களை மூடுவதை எதிர்த்து அவர் சங்கம் லண்டன் சுரங்க ரயிலை நிறுத்தியிருந்தது. பயணிகளில் பலர் அவரை வெறுத்தார்கள். அவரோடு நேருக்கு நேர் மோதிக்கொண்டிருந்த மேயர் போரிஸ் ஜான்சன், வேறுபாடுகள் பல என்பதை மறைக்காமலே, தன் உறுப்பினர்களுக்காக அயராது போராடியவர் என்றார். அதனால் மேயர் தன் திட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டதாக யாரும் நினைக்கவில்லை. பம்பாயில் 1982-ல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆலைத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்த டாக்டர் தத்தா சாமந்த் 1997 ஜனவரி 16 அன்று சுட்டுக் கொல்லப்பட்டபோது, ஆலைகள் மூடப்பட்டதற்கு அவர்தான் காரணம் என்று நினைத்தவர்களும் அவரைக் கும்பிட்டவர்களும் அதே தெருக்களில்தான் இருந்தார்கள். ஒரு மனிதரைப் பற்றி இரண்டு கணக்கும் இருக்கலாம். ஒன்றை அழித்துத்தான் மற்றதை எழுத வேண்டும் என்பதில்லை.

போஸ்டர், பேனர்

20-க்கு 30 அங்குலப் போஸ்டர் போதும். படம், பெயர், தோற்றம், மறைவு, சங்கத்தின் பெயர். படத்தை வீட்டாரிடம் கேட்டு வாங்குங்கள். போராட்டத்தில் கையை ஓங்கி நிற்கும் படம் வேண்டாம், பாஸ்போர்ட் படமே மேல். கீழே "துயரில் பங்கேற்போர்" என்று நாற்பது பெயர் போடும் வழக்கம் இங்கே உண்டு. அதில் விடுபட்டவர் வருத்தப்படுவார். கேட்காமல் சேர்க்கப்பட்டவர் கோபப்படுவார். எதிர்ச்சங்கத்தார் பெயரை அவர்களைக் கேட்காமல் போட்டு மாட்டிக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சங்கத்தின் பெயர் மட்டும் போட்டால் தொல்லை இல்லை.

மைதாப் பசைக்கு ஒரு கிலோ மாவுக்கு ஏழெட்டு லிட்டர் தண்ணீர். மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நீரில் ஊற்றிக் கிளற வேண்டும். நேராகக் கொதிநீரில் கொட்டினால் கட்டிப்பட்டு, போஸ்டர் முதல் காற்றிலேயே உரியும். கடலோரச் சுவரில் உப்பு பூத்திருந்தால் தென்னந்துடைப்பத்தால் தட்டிவிட்டு ஒட்டுங்கள். ஆடு மேயும் இடத்தில் மயில்துத்தம் கலந்த பசை வேண்டாம். தின்ற ஆடு செத்தால் அதற்கும் ஒரு வழக்கு. கோயில், சர்ச், பள்ளிவாசல் சுவர், மற்ற சங்க அலுவலகம், ஏலக்கூடத் தூண் ஆகியவற்றில் ஒட்டக் கூடாது என்று பசை வாளியைக் கொடுக்கும்போதே சொல்லுங்கள்.

பேனருக்கு அனுமதி வேண்டும். 2019-ல் சென்னையில் பேனர் விழுந்து இளம்பெண் ஒருவர் இறந்த பிறகு இதில் யாரும் கண்ணை மூடிக்கொள்வதில்லை. பாம்பன், தனுஷ்கோடிப் பக்கக் காற்றுக்கு எட்டடி பேனர் பாய் மாதிரி இழுக்கும். சிறியதாக அடித்து, சந்துக்குள் வீட்டருகே மட்டும் கட்டுங்கள். ஒலிபெருக்கியை இரவு 10 மணிக்கு நிறுத்திவிட வேண்டும்.

ஊர்வலம்

இராமேசுவரம் தீவுக்குள் அடக்கம் என்றால் ஒரே ஒரு சாலைதான். தங்கச்சிமடத்தில் கூட்டம் நின்றால் அங்கிருந்து கோயில் வரை எல்லாம் நிற்கும். ஆம்புலன்ஸும் அதே வழிதான். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு, எத்தனை பேர், பொறுப்பு யார் என்று எழுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சாலைப் பாலத்தின் மேல் ஊர்வலம் நிற்கக் கூடாது. உடல் வெளியூரிலிருந்து வந்தால் பாலத்தை வண்டியில் கடந்து இறங்கிய பிறகு நடக்கட்டும். பூவைச் சாலையில் இறைப்பதை விட்டுவிடுங்கள், பின்னால் வரும் இருசக்கர வண்டிகள் வழுக்கும். வெடி வேண்டாம். ஒருவர் வருத்தத்தில் போட்ட வெடியை மற்றொருவர் கொண்டாட்டம் என்று எடுத்துக்கொள்வார்.

எதிர்ச்சங்க அலுவலகம் இருக்கும் தெருவைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். முடியாவிட்டால் அந்தத் தெருவில் கோஷம் இல்லாமல் நடக்க வேண்டும், முன்னால் வயதானவர்கள் போக வேண்டும். செப்டம்பர் 11 பரமக்குடி நிகழ்ச்சியையும் அக்டோபர் 30 பசும்பொன் நிகழ்ச்சியையும் ஒட்டி மாவட்டத்தில் தடை உத்தரவு இருக்கும் நாட்களில் சாவு விழுந்தால், வெளியூர் வண்டிகளை அழைக்கவே வேண்டாம். ஊர் அளவில் அடக்கத்தை முடித்துவிட்டு, கூட்டத்தைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம்.

அடக்கத்தில் புகுந்து கலகம் செய்வது, இடுகாட்டில் அத்துமீறுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 301-ஆம் பிரிவில் குற்றம். இதை மிரட்டலாகச் சொல்லத் தேவையில்லை. இரு தரப்பு இளைஞர்களுக்கும் முன்பே தெரிந்திருக்கட்டும்.

போனில் வரும் பேச்சு

முதல் வேலை: சங்கக் குழுவை "அட்மின் மட்டும் அனுப்பலாம்" என்று மாற்றுங்கள், மூன்று நாளைக்கு. இரண்டாவது, ஏற்கெனவே வந்த வசைகளை நீக்குவதற்கு முன் படம் பிடித்து வையுங்கள். பின்னால் புகார் வந்தால் அது வேண்டும். சிரிக்கும் பொம்மையைப் போட்டவரைக் குழுவிலேயே திட்டாதீர்கள். அவருடைய அண்ணனுக்கோ மாமாவுக்கோ போன் போடுங்கள். கரையில் எல்லோருக்கும் ஒரு பெரியவர் இருக்கிறார், அரை மணியில் அழிந்துவிடும்.

பழைய வீடியோத் துண்டுகள் இரண்டாம் நாள் வரும். அவர் ஏதோ ஒரு கூட்டத்தில் பேசியதில் பத்து வினாடியை வெட்டிப் போடுவார்கள். பதில் எழுதாதீர்கள். முழுப் பேச்சு உங்களிடம் இருந்தால், எந்த நாள் எங்கே பேசியது என்ற ஒரு வரியோடு அதைப் போடுங்கள். வாய்ச்செய்திதான் இதைவிட ஆபத்து: "நான் பார்த்தேன்" என்று பெயர் சொல்லாத குரல். நிறைய முறை கைமாறிய செய்தியை வாட்ஸ்அப் ஒரு நேரத்தில் ஒரே ஆளுக்கோ ஒரே குழுவுக்கோதான் அனுப்ப விடும். இரட்டை அம்புக்குறி தெரிந்தால் அது ஊரெல்லாம் சுற்றி வந்தது என்று தெரிந்துகொள்ளலாம். சாதி, மதப் பெயர் சேர்ந்து வரும் செய்தியைப் பற்றி மட்டும் உடனே காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். அதற்கு ஊர்ப் பெரியவர் போதாது.

செத்தவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம், யார் வழக்குப் போடுவார் என்று சிலர் நினைக்கிறார்கள். அவதூறைச் சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின் முதல் விளக்கமே, வீட்டார் மனம் நோக வேண்டும் என்ற எண்ணத்தோடு இறந்தவர் பெயரைக் கெடுப்பதும் அவதூறாகலாம் என்கிறது. அதே சமயம் நியாயமான விமர்சனத்தைச் சங்கம் நசுக்கக் கூடாது. "அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் எங்கள் வலைக்கு நட்டம்" என்று ஒருவர் எழுதினால் அதில் பொய்யும் இல்லை, வசையும் இல்லை. அதை அழித்தால், புகழ்ச்சிக்கு மட்டும்தான் இங்கே இடம் என்றாகிவிடும். அவருக்கு "பதினாறு முடியட்டும், கூட்டத்தில் பேசுங்க" என்று தனியாகச் சொல்லுங்கள். சொன்னபடி கூட்டத்தில் இடமும் கொடுங்கள்.

அலமாரியும் போனும்

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதனால் கெடுவது இறந்தவரின் பெயர் அல்ல, உயிரோடு இருப்பவர்களின் பிழைப்பு. பல சங்கங்களில் தலைவர் கையில்தான் எல்லாம் இருக்கும்: பிறருடைய படகுப் பதிவுப் புத்தகம், காப்பீட்டுத் தாள், டீசல் பாஸ்புத்தகம், வழக்குக் கட்டு, வக்கீல் எண்கள். இலங்கையில் பிடிபட்ட படகுக்கு அங்குள்ள நீதிமன்றத்தில் உரிமை கோர உரிமையாளர் அசல் ஆவணங்களோடு போக வேண்டும். அந்த அசல் இறந்தவர் வீட்டுப் பீரோவில் இருந்து, வழக்குத் தேதி அடுத்த வாரம் என்றால் என்ன ஆகும்?

அடக்கத்துக்கு மறுநாள் இதைச் செய்யுங்கள். யாழ்ப்பாணம், ஊர்காவற்துறை, மன்னார், பருத்தித்துறை நீதிமன்றங்களில் நிற்கும் வழக்குகளின் அடுத்த தேதியை ஒரு தாளில் எழுதுங்கள். காவலில் இருப்பவர்களின் வீடுகளுக்கு ஆள் போய் "உங்க வேலை நிக்காது, இனி இன்னாரைப் பாருங்க" என்று சொல்லட்டும். யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் வக்கீலுக்கும் புதிய தொடர்பு ஆளை அறிவியுங்கள். அந்த வீட்டுப் பெண்களுக்குத் தலைவர் நல்லவரா கெட்டவரா என்ற விவாதத்தைவிட இது ஆயிரம் மடங்கு பெரிது.

சங்க அலமாரியை மூன்றாம் நாளுக்குப் பிறகு, வீட்டார் ஒருவர், பொருளாளர், இரு தரப்புக்கும் பொதுவான ஒருவர் என மூன்று பேர் முன்னிலையில் திறக்க வேண்டும். ஒவ்வொரு தாளையும் பட்டியலிட்டு மூவரும் கையெழுத்திட வேண்டும். பிறர் ஆவணத்தை உரியவரிடமே கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அவர் கையெழுத்திட்டு வைத்த வெற்றுக் காசோலைகளைப் பயன்படுத்தவே கூடாது. எண்களைக் குறித்து வங்கிக்குக் கொடுத்து நிறுத்துங்கள். புதிய கையெழுத்துக்குத் தீர்மானமும் இறப்புச் சான்றும் கேட்பார்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் தாமதக் கட்டணமோ அலைச்சலோ இல்லை.

சங்கப் பணத்தில் அடக்கச் செலவு செய்யலாமா என்று கேள்வி வரும். உறுப்பினரின் இறுதிச் சடங்குச் செலவைப் பொதுநிதியில் செய்யலாம் என்று 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 15-ஆம் பிரிவே சொன்னது. ஆனாலும் உங்கள் பைலாவைப் பாருங்கள், தீர்மானம் போடுங்கள், பில் வையுங்கள். அவரைப் பிடிக்காத உறுப்பினரின் சந்தாவும் அதில் இருக்கிறது. குடும்ப நிதி வேறு: படகுக்கு இவ்வளவு என்று ஏலக்கரையில் பிடித்தம் செய்யாதீர்கள். மனைவியின் வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுங்கள், விருப்பமுள்ளவர் போடட்டும்.

இரங்கல் கூட்டம்

பதினாறுக்கு முன் வேண்டாம். கிறிஸ்தவ வீடு என்றால் முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு, முஸ்லிம் வீடு என்றால் ஜமாத்தைக் கேட்டு. விசைப்படகும் நாட்டுப்படகும் ஒன்றாக ஓயும் நாள் வாரத்தில் இல்லை, ஏற்பாடே அப்படி. வெள்ளி மாலை 4 மணி ஓரளவு ஒத்துவரும்: விசைப்படகுக்குக் கடல் இல்லை, ஜும்ஆவும் முடிந்திருக்கும். நாட்டுப்படகுக்கு அது தொழில் நாள், ஆகவே அவர்கள் தரப்பில் இரண்டு பிரதிநிதிகள் வந்தாலே நிறைவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் சாவு நடந்திருந்தால் விசைப்படகுக் கூட்டம் மொத்தமும் கரையில் இருக்கும். கையில் காசு இல்லாத, மனசு சூடான காலம் அது. கூட்டத்தைச் சிறியதாக வையுங்கள்.

ஒன்றரை மணி நேரம், எட்டுப் பேர், ஆளுக்கு ஏழெட்டு நிமிடம். மைக் மேடையில் ஒருவர் கையில் இருக்க வேண்டும். எதிர்ச்சங்கத்தார் மூன்றாவதாகப் பேசட்டும். கடைசியில் வைத்தால் அவர் பேச்சுக்குப் பதில் சொல்ல நாலு பேர் எழுவார்கள். முதலில் வைத்தால் கூட்டம் சேர்ந்திருக்காது. அவர் வாங்கித் தந்தது என்ன, விட்டுக்கொடுத்தது என்ன, எது பாதியில் நிற்கிறது என்று ஒருவர் தேதிகளோடு வாசிக்கட்டும். பேச்சாளர் எல்லோரும் இதையே பேசாமல் இருக்க, அந்தத் தாளை முன்பே கொடுத்துவிடுங்கள். அடுத்த தலைவர் யார் என்ற தீர்மானம் அந்த மேடையில் வரக் கூடாது. மகனைத் தூக்கி மேடையில் உட்காரவைப்பதும் கூடாது. பைலாப்படி துணைத் தலைவர் பொறுப்பில் இருப்பார், தேர்தல் அதன் நேரத்தில் வரும். சிலை, தெருப்பெயர் கோரிக்கைகளை ஒரு வருடம் தள்ளிவையுங்கள்.

கூட்டம் முடிந்த மறுநாள், ஒட்டிய பையன்களையே அனுப்பி எல்லாப் போஸ்டரையும் ஈரத்துணி வைத்து ஊறவிட்டு உரித்துவிடுங்கள், பேனரைக் கழற்றிவிடுங்கள். பாதி கிழிந்த முகம் மழையில் தொங்கினால் வீட்டார் அந்தத் தெருவில் நடக்க மாட்டார்கள். கிழித்தது யார் என்று புதிதாக ஒரு சண்டையும் வரும்.